டேப்புல கேட்ட பொம்பள

மெஷின் சூடாகும்போது தூசி கருகற மாதிரி ஒரு வாசனை வருமே... அம்பதுகளோட கடைசியில, போடிமெட்டு பக்கத்துல எங்க தேயிலை எஸ்டேட் மாதா கோயில்லதான் அதை மொத தடவ மோந்தேன்.

டேப் ரெக்கார்டர்! பாட்டுக் குழுவுக்காக ஃபாதர் யார்கிட்டயோ இரவல் வாங்கிட்டு வந்திருந்தார். ட்ரங்குப் பெட்டி சைஸ்.

நான் அப்ப எஸ்டேட் ஸ்கூல் டீச்சர். கொழுந்து எடுக்கிறவ மகதான். கம்பெனி பெரிய தொரை வர்றார்னு தெரிஞ்சதும் லயத்துல, அதான் கூலிக்காரங்க லைன் வீடுகள்ல, இருந்த பொம்பளைங்க என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க. எஸ்டேட்டுக்கு ஒரு மிட்வைஃப் கேக்கணும். அதுவரைக்கும் பிரசவ வலின்னா லாரியில ஏத்தி மலை எறங்கணும்... எங்க அக்கா அப்படி எறங்கினவதான். திரும்பி வரல.

"நீதான் பேசணும் டீச்சர்"ன்னா அவங்கள்ல ஒருத்தி, மேரி. அவளே அப்ப மாசமா இருந்தா.

நான் பெரிய தைரியசாலின்னு நெனப்பு! ஃபாதர்தான், "இதுல ஒருவாட்டி பேசிப் பாரும்மா"ன்னார். பேசினேன். போட்டுக் காட்டினார்.

ஐயோ...

யாரோ ஒரு பொம்பள கெஞ்சறா. "ஐயா... தொரை மனசு வைக்கணும்... தப்பா எடுத்துக்கக் கூடாதுங்கய்யா..."

"யாரு ஃபாதர் இது?"

"நீதாம்மா."

அது எங்கம்மா குரல்! பேர் வெட்டிருவேன், கூலி கெடையாதுன்னு மெரட்டற கங்காணி முன்னால நிக்கும்போது வருமே, அதே குரல். படிச்சேன், டீச்சரும் ஆயிட்டேன்... என் தொண்டைக்குள்ள இது எப்ப வந்து குடியேறுச்சு?

கூட நின்ன மேரிக்கும் அதிர்ச்சி. "ஏத்தா, பிள்ளைகளை அதட்டும்போது இப்படியா பேசுவ?"ன்னா.

அந்த வாரம் பூரா ஸ்கூல் விட்டதும் கோயிலுக்கு ஓட்டம். பேசறது, கேக்கறது, மறுபடி பேசறது. 'மனசு வைக்கணும்' ஒழிஞ்சுது. அக்காவைச் சொல்ற எடத்துல மட்டும் குரல் உடைஞ்சுது. "அது இருக்கட்டும்"னார் ஃபாதர்.

பெரிய தொரை முன்னால, "எங்க அக்கா லாரியிலயே செத்தா. அடுத்து எங்கள்ல யாரு?"ன்னு கேட்டேன். அதை இங்கிலீஷ்ல சொல்ல வேண்டிய ஹெட் கிளார்க் வாயைத் தெறக்கல.

"சொல்லுங்க சார்"னேன்.

அந்தச் சத்தம் என்னோடதுதானான்னு எனக்கே தூக்கிவாரிப் போட்டுது!

அவர் சொன்னார். சில மாசத்துல எஸ்டேட்டுக்கு மிட்வைஃப் வந்தாங்க. அதுக்குள்ள மேரி லயத்துலயே பெத்துட்டா. தாயும் பிள்ளையும் தப்பிச்சது கடவுள் செயல்.

இப்ப என் பேத்தி ஒரு நாளைக்கு எத்தனையோ வாய்ஸ் மெசேஜ் அனுப்பறா. ஒண்ணையும் திரும்பக் கேக்கறதில்ல...

என் பேச்சு இருந்த டேப் மேலயே அந்த வருஷம் கிறிஸ்மஸ் பாட்டைப் பதிஞ்சுட்டாங்க. குரல் நடுங்கற இந்த வயசுல, அந்த டீச்சர் பொண்ணு பேசறதை ஒருவாட்டி கேக்கணும் போல இருக்கு.