சம்சுதீனின் வலது கால்

1974ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு காலை, யாழ்ப்பாணம் சோனகர் தெருத் தையற்காரர் சம்சுதீன் தன் வீட்டுச் சீமெந்துத் தரையில் இரத்தப் பொட்டுகளைக் கண்டார். பூனை எதையோ பிடித்திருக்கிறது என்று நினைத்துத் துடைத்தார். துடைத்த இடத்திலேயே புதிதாக ஒரு பொட்டு விழுந்தது. காலைத் தூக்கிப் பார்த்தார். வலது உள்ளங்காலில் முறிந்த தையலூசி ஏறியிருந்தது. எப்போது ஏறியதோ தெரியாது, வலிக்கவே இல்லை. பார்த்துச் சொல்லவும் வீட்டில் ஆளில்லை. மனைவி ஸபூரா இறந்து நான்கு வருடம். ஒரே மகள் சுபைதா புத்தளத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

அவருக்குப் பன்னிரண்டு வருடமாக நீரிழிவு; உள்ளங்கால்கள் மரத்துப்போயிருந்தன. ஆஸ்பத்திரியில் ஊசியை எடுத்தார்கள், புண் ஆறவில்லை. அங்கே டொக்டர் பத்மாசினி இத்தகைய கால்புண்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். சிலருக்குத் தேன் வைத்துக் கட்டுவார், சிலருக்கு வழக்கமான மருந்து. யாருக்கு எது என்பது, முன்கூட்டியே குலுக்கிப் போட்டபடி, ஒட்டிய கடித உறைக்குள் இருக்கும். சம்சுதீனின் உறையில் வழக்கமான மருந்து இருந்தது.

"எனக்குத் தேன் இல்லையோ?"

"எது நல்லதெண்டு எனக்கே தெரியாது நானா. அதை அறியத்தான் இந்தப் பாடு. ஆனா எல்லாருக்கும் ஒரு கட்டளை. அந்தக் காலை ஊண்டக் கூடாது. மெஷினும் மிதிக்கக் கூடாது."

"ஓம் டொக்டர்."

செவ்வாய்தோறும் டொக்டர் கண்ணாடித்தாளைப் புண்மேல் வைத்து, அளவறிய அதன் ஓரத்தை மையால் வரைவார். என்ன சாப்பிட்டீர்கள், நித்திரை வந்ததா என்று கேட்பார். கிழமை முழுவதும் சம்சுதீனிடம் இதையெல்லாம் கேட்க வேறு யாருமில்லை.

ஆவணி வரை புண் சுருங்கி வந்தது. நோன்பு தொடங்கியதும் பெருத்தது.

"மெஷின் மிதிச்சனீங்களோ?"

"இல்லை."

டொக்டர் பழைய தாள்களைப் புரட்டினார். "அப்ப மருந்துதான் பிழைபோலை" என்று எழுதிக்கொண்டார்.

அந்த ஒரு வசனம் சம்சுதீனை அந்தக் கிழமை முழுவதும் வாட்டியது. தன் பொய் இன்னும் எத்தனை பேருடைய காலில் போய் முடியுமோ? அடுத்த செவ்வாய் உட்காருமுன்பே சொன்னார்:

"பொய் சொன்னனான் டொக்டர். பெருநாள் உடுப்புகள் தைச்சனான். மெஷினையும் விட்டா வீட்டிலை ஒரு சத்தமும் இல்லை. என்ரை பேரை வெட்டிப்போடுங்கோ."

டொக்டர் அவருடைய தாளை எடுத்துப் பேனையைத் திறந்தார்.

"வெட்டமாட்டன் நானா. மிதிச்சதையும் எழுதுவன். அதுவும் நாங்கள் அறிய வேண்டியதுதான்."

சம்சுதீன் மெஷினுக்குக் கைப்பிடிச் சில்லு பூட்டினார். வலது கையால் சுற்றி, இடது கையால் துணியைத் தள்ளினார். வேலை பாதியாகக் குறைந்தது. அடுத்த வைகாசியில் புண் மூடியது. ஆராய்ச்சியும் முடிந்தது. தேனுக்கும் மருந்துக்கும் பெரிய வித்தியாசமில்லை, காலை ஊன்றாதவர்களுக்கே முதலில் ஆறியது என்று டொக்டர் சொன்னார். பிறகு மாற்றலாகிக் கண்டிக்குப் போய்விட்டார்.

அவர் சொல்லிவிட்டுப் போனபடி, சம்சுதீன் தினமும் அசர் தொழுகைக்குப் பின் பின்னேர வெளிச்சத்தில் யன்னலோரம் இருந்து, புதுக் காயம் உண்டா என்று முகக்கண்ணாடியில் உள்ளங்காலைப் பார்த்தார். சுபைதா கடிதத்தில் சுகம் கேட்டபோது, கால் ஆறிவிட்டது என்று எழுதினார். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்க இப்போது செவ்வாயிலும் ஆளில்லை என்பதை எழுதவில்லை.