அருவியில் குளித்த மூன்று நாள்

அப்பாவுக்கு ஆஞ்சியோபிளாஸ்டி பண்ணியபோது எங்கள் வீட்டு டாக்டர் நான்தான். படித்தது பி.எஸ்சி. கம்ப்யூட்டர். நெட்டில் மூன்று வீடியோ பார்த்துவிட்டு, திருநெல்வேலி ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று அப்படி ஒரு கிளாஸ் எடுத்தேன். பக்கத்து பெட்காரர்கள்கூட வந்து கேட்டார்கள்.

அப்பா தென்காசியில் தெருத்தெருவாக வால்வு திறந்து தண்ணீர் விடுகிற வேலையில் இருந்தார். அவருக்குப் புரிகிற பாஷையில் சொன்னேன்.

"நெஞ்சுக்குப் போற லைன்ல அடைப்புப்பா. மணிக்கட்டு வழியா ஒயரை விட்டு, பலூனை ஊதி, கம்பி வளையத்தை வச்சுட்டு வந்துருவாவ. வேலை முடிஞ்சிரும்."

"அவ்ளோதானால?"

"அவ்ளோதாம்ப்பா."

அவ்வளவு இல்லை. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என் கையில் மாத்திரை அட்டைகளைக் கொடுத்தார். கம்பிக்குள் ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வது இதுதான், ஒரு வேளைகூட விடக்கூடாது, எதுவானாலும் தன்னிடம் கேட்காமல் நிறுத்தக்கூடாது என்றார். எல்லாம் தெரிந்த மாதிரி தலையாட்டினேன். அப்பாவிடம் போய், "இதையும் போட்டுக்கிடுங்க" என்றேன். இதையும். அந்த வார்த்தை இன்னும் என் வாயில் கசக்கிறது.

ஆனியில் சாரல் விழுந்தபோது நான் சென்னையில் வேலையில் இருந்தேன். அப்பா வருஷம் தவறாமல் குற்றால சீசனில் மூன்று நாள் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து ஐந்தருவியில் குளிப்பார். அது மூலிகைத் தண்ணீர், அதுவே மருந்து, அந்த மூன்று நாளும் இங்கிலீஷ் மருந்து உடம்பில் சேராது என்பது அவர் நம்பிக்கை. காய்ச்சல் மாத்திரைகூடத் தொடமாட்டார். அந்த வருஷம் மட்டும், கம்பி வைத்த உடம்பாயிற்றே என்று, வீட்டு டாக்டருக்குப் போன் பண்ணிக் கேட்டார்.

"ஏலே, மூணு நாள் மாத்திரை போடாட்டி எதுவும் ஆவுமா?"

"ஒண்ணும் ஆவாதுப்பா. போனை வைங்க."

குளித்து முடித்த மறுநாள் காலை, தண்ணீர் திறக்கப்போன இடத்தில் வால்வுச் சாவியோடு விழுந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. கம்பி வைத்த டாக்டரிடம் போய்ச் சொன்னபோது, கம்பியில் ரத்தம் உறைந்திருக்கும் என்றார். மாத்திரையை ஒழுங்காகப் போட்டாரா என்று கேட்டார்.

"நேரம் தவறாம போட்டாவ" என்றாள் அம்மா. மாத்திரை டப்பா எப்போதும் அப்பாவின் பையில்தான் இருக்கும். கம்பி வைத்த பிறகும் அந்த மூன்று நாள் நிறுத்தியிருப்பார் என்று அவளுக்குத் தெரியாது. நான் வாயைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து அம்மாவுக்குக் கம்பிதான் எமன். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். நானும் சொல்லட்டும் என்று விட்டேன். எனக்கு வசதியாக இருந்தது.

போன மாதம் லீவில் வந்திருந்தேன். அப்பாவோடு தண்ணீர் விடுகிற வேலை பார்த்த மாமா வீட்டுக்கு வந்தார். அம்மா அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். அவருக்கும் அடைப்பு, வியாழக்கிழமை கம்பி வைக்கத் தேதி கொடுத்திருந்தார்கள்.

"போவாதிய அண்ணே" என்றாள் அம்மா, குழம்புக்கு உள்ளி உரித்துக்கொண்டே. "நல்லா நடந்த மனுசனைக் கம்பிய வச்சுல்லா கொன்னுட்டாவ."

"அதான் யோசிக்கேன். மருமவனே, நீதான அங்கன கூடவே இருந்த. என்னதாம்ல செய்யுதாவ?"

"கையில மரத்துப்போவ ஒரு ஊசி. முழிச்சுதான் இருப்பிய. உள்ள குளிரு நடுக்கும், போர்வை கேட்டு வாங்கிக்கிடுங்க. மருந்து விடும்போது உடம்பு குப்புனு சுடும். ஒண்ணுக்குப் போயிட்ட மாதிரி இருக்கும், போயிருக்க மாட்டிய."

"நல்லவேளை, முன்னாடியே சொன்ன."

"பலூன் ஊதுகையில நெஞ்சு இறுக்கும். வலிச்சா உடனே சொல்லிரணும். பெறவு மணிக்கட்டுல இறுக்கிக் கட்டு போடுவாவ. ரெண்டு மூணு நாள்ல வீட்டுக்கு வந்துரலாம்."

"நீ சொல்லுதத பாத்தா ஊட்டிக்கு டூர் போயிட்டு வார மாதிரில்லா இருக்கு! பெறவு எதுக்குல உங்கப்பன் செத்தான்?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொல்கிறேனோ அதைத்தான் அவர் செய்யப்போகிறார். அப்பாவும் அப்படித்தான்.

"கம்பியால இல்ல மாமா. குற்றாலத்துல குளிச்ச மூணு நாளும் மாத்திரை போடல. ஏங்கிட்ட போன்ல கேட்டாரு. நாந்தான் ஒண்ணும் ஆவாதுன்னேன்."

அம்மாவின் கை நின்றது. மாமா எழுந்து, "வியாழக்கிழமை நீ கூட வால. மாத்திரைய எப்படி எப்படிப் போடணும்னு கேட்டு எழுதிக் குடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா என்னை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. உள்ளி உரித்தாள், குழம்பு வைத்தாள், எனக்குச் சோறு போட்டாள். நான் கையலம்பப்போகும்போதுதான் கேட்டாள்.

"அன்னைக்கி அவுக போன்ல கேக்கும்போது நீ என்ன செஞ்சிக்கிட்டு இருந்த?"

"கேம் வெளையாடிக்கிட்டு இருந்தேம்மா. போன்ல."

தலையைக் குனிந்துகொண்டு என் எச்சில் தட்டை எடுத்தாள்.

"செயிச்சியா?" என்றாள்.