ஆறாவது நாற்காலியில் மூழ்கிய ஊர்

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு கேம் கடை இருந்தது என்று தொடங்க ஆசைதான். ஆனால் கொரட்டூர் ஸ்டேஷனைச் சுற்றி மட்டுமே மூன்று இருக்கின்றன, அதில் ஒன்றில் நான் நிற்கிறேன். கேம் கடையில் வேலை என்றால் நாள் முழுக்க ஆடலாம் என்று நினைப்பவர்கள், ஸ்வீட் கடையில் நிற்கிறவரைக் கேட்டுப் பாருங்கள். அடுத்தவர் ஆடுவதைப் பார்ப்பதும், வியர்த்த கன்ட்ரோலரைத் துடைப்பதும், "டைம் ஆச்சு" என்று சொல்வதும்தான் வேலை. எனக்கோ சன்னக் குரல். மூன்றாவது முறை சொல்லும்போதுதான் ஒருவர் திரும்பிப் பார்ப்பார்.

ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி. ஆறு டிவி, ஆறு நாற்காலி. ஐந்தில் எல்லாருக்கும் தெரிந்த பழைய கேம்கள்: ஃபுட்பால், மல்யுத்தம், கார் ரேஸ், தெருச்சண்டை. ஆறாவதில் மட்டும், பெரிய கம்பெனி எதுவும் இல்லாமல் இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்கிற சின்ன கேம்களைப் போட்டுக்கொள்ள ஓனர் ராபர்ட் அண்ணனிடம் கெஞ்சி ஒரு மாதம் வாங்கியிருந்தேன். தாத்தாவும் ஆயாவும் மாறி மாறிக் கதை சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். கோல் போடுவதைவிட அந்த மாதிரி கேம்கள்தான் எனக்கு ஒட்டும். மாதக் கடைசிக்குள் ஆள் சேராவிட்டால் அந்த நாற்காலியும் ஃபுட்பாலுக்குப் போய்விடும். கெடு வைத்தபோது அண்ணன் சொன்னது இவ்வளவுதான்: "எனக்கு கேம் தெரியாது தம்பி. நாற்காலி காலியா இருந்தா மட்டும் தெரியும்."

பட்டன் விஷயம்

முதலில் உட்கார்ந்தவன் தினேஷ். பாலிடெக்னிக் படிக்கிறவன், ஃபுட்பாலுக்குக் காத்திருந்த நேரத்தில் இடம் காலியாக இருக்கிறதே என்று உட்கார்ந்தான். நான் ஓடிப்போய் விளக்கினேன். ஒரு ஊர் தண்ணீரில் மூழ்கிவிட்டது, நீ படகோட்டி, மொட்டைமாடிகளில் நிற்கிறவர்களை ஒவ்வொருவராகக் கரை சேர்க்க வேண்டும். யாரை அடிக்கணும் என்றான். யாரையும் இல்லை. எதிராளி யார்? கிடையாது. எப்படி ஜெயிப்பது? ஜெயிப்பதெல்லாம் இல்லை, எல்லாரும் கரைக்கு வந்தால் கதை முடியும் என்றேன். கையிலிருந்த கன்ட்ரோலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்புறம் இன்னாத்துக்கு அண்ணாத்தே இதுல இத்தினி பட்டன் கீது?"

ஏற்கெனவே முடித்தவர்

அடுத்து வந்தவர், பக்கத்து ஏரியா பாடியில் ஃபிளாட் வாங்கியிருக்கும் ஒருவர். ஐடி வேலை, சொந்த ஊர் மதுரை, நாற்பதைத் தாண்டியவர். சின்ன வயதில் ஆடிய கேம் மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். கட்டம் கட்டமான படமும் கீச்சென்ற இசையுமாக, பழசு போலவே செய்த ஒரு சின்ன கேம் இருந்தது. போட்டேன். அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. மாமா வீட்டு டிவியில் லீவு முழுக்க இதைத்தான் ஆடினாராம். கேம் கேசட்டை எடுத்து ஊதி ஊதிப் போடுவார்களாம். இந்தப் பாலத்துக்கு அடியில் ஒரு ரகசிய வழி உண்டு என்று என்னிடம் காட்டப் போனார். வழி இல்லை, குழியில் விழுந்தார். மூன்று முறை விழுந்தார்.

சார், இது போன வருஷம்தான் வந்தது என்று சொன்னேன். முதல் முறை கேட்கவில்லை. இரண்டாவது முறை கேட்டது. நான் அவருடைய மாமா வீட்டையே இல்லை என்று சொல்லிவிட்டதைப் போலப் பார்த்தார். "தம்பி, நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியே இதை முடிச்சவன் நான்."

ஸ்டெல்லா அக்கா

இரண்டு வாரம் அந்த நாற்காலி பை வைக்கவும் போன் சார்ஜ் போடவும்தான் பயன்பட்டது. மூன்றாவது வாரம் ஸ்டெல்லா அக்கா வந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. சனி, ஞாயிறு மகளை அதே மாடியில் பக்கத்தில் இருக்கும் அபாகஸ் கிளாஸில் விட்டுவிட்டு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருப்பவர். வெயில் தாங்காமல் ஏசிக்காக உள்ளே வந்தார். சும்மா உட்காரக் கூடாதே என்று ஆறாவது நாற்காலியில் கன்ட்ரோலரை வாங்கினார், மூழ்கிய ஊர் கேமைப் போட்டுக் கொடுத்தேன்.

படகை முதல் பத்து நிமிடம் சுவரிலேயே இடித்தார். பிறகு ஒரு மொட்டைமாடிக் கிழவரிடம் போனார். ஆட்டை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றார் கிழவர். அன்று ஏற்கெனவே படகு நிறைந்திருந்தது. அடுத்த நடையில் இரண்டு பேரையும் ஏற்றிக்கொள்கிறேன் என்று டிவியைப் பார்த்துச் சத்தமாகவே வாக்குக் கொடுத்தார். மகள் வந்து கூப்பிட்டபோதுதான் எழுந்தார். அவ்வளவு பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். "ஏரித் தண்ணி உள்ள பூந்தப்போ எங்க தெருவுக்கு படகே வரல தம்பி. இங்கியாச்சும் வருதே."

ஆட்டைத் தூக்கிப் போட்டவன்

எங்கள் கடையில் ஒரு மெஷினுக்கு ஒரே கணக்கு. யார் உட்கார்ந்து 'கன்டினியூ' அமுக்கினாலும், முன்னால் ஆடியவர் விட்ட இடத்திலிருந்து ஓடும். ஃபுட்பாலில் இது யாருக்கும் உறைக்காது. ஒவ்வொரு மேட்ச்சும் புதுசு. எனக்கும் உறைக்கவில்லை, அது என் தப்பு. அடுத்த சனிக்கிழமை அக்கா வந்து பார்க்கிறார்: கிழவர் கரையில் இருக்கிறார், ஆட்டைக் காணோம். நடுவில் தினேஷ் ஆடியிருக்கிறான். படகு நகரவில்லை என்று பாரத்தைக் குறைக்க ஆட்டைத் தண்ணீரில் தள்ளிவிட்டானாம்.

ஃபுட்பால் ஆடிக்கொண்டிருந்தவனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார் அக்கா. வாக்குக் கொடுத்தது நான், தள்ளிவிட நீ யார் என்று கேட்டார். தினேஷ் முதலில் சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. மூன்று நாளாகத் தானும் அதைத்தான் ஆடுகிறேன், ஆட்டைத் தள்ளியதிலிருந்து அந்தக் கிழவர் தன்னோடு பேசுவதே இல்லை என்று என்னைப் பார்த்துச் சொன்னான். அக்கா கோபத்தோடு போய்விடுவார் என்று நினைத்தேன். அக்கா நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். "சரி, ஆடு போச்சு. அதுக்கப்புறம் இன்னா ஆச்சு, ஒண்ணு வுடாம சொல்லு."

நிற்கிறவர்கள்

அதன் பிறகு வார நாட்களில் தினேஷ், சனி ஞாயிறு அக்கா என்று ஆனது. நாற்காலி காலியாகவே இல்லை. பின்னால் நின்று பார்க்க ஐந்தாறு பேர். இடதுபக்கம் போ, அந்தப் பாப்பாவை முதல்ல ஏத்து என்று ஆளுக்கொரு யோசனை. மாதக் கடைசிக்குச் சில நாள்தான் பாக்கி. நானாக ராபர்ட் அண்ணனைக் கூப்பிட்டுக் கூட்டத்தைக் காட்டினேன். உட்கார்ந்திருந்த ஒரே ஆளை மட்டும் பார்த்தார். "நிக்கிறவன் கஸ்டமர் இல்ல தம்பி, காத்து வாங்க வந்தவன்."

கடைசி மொட்டைமாடி

கெடு முடிகிற ஞாயிற்றுக்கிழமை. ஒரே ஒரு மொட்டைமாடிதான் பாக்கி. தினேஷ் வெள்ளிக்கிழமையே முடித்திருக்கலாம், அக்காவுக்காக விட்டுவைத்திருந்தான். கடை முழுக்க ஆறாவது நாற்காலிக்குப் பின்னால் நின்றது. மற்ற ஐந்து டிவியிலும் கேம் தானாக ஓடிக்கொண்டிருந்தது. ராபர்ட் அண்ணன்கூட வந்து நின்றார். நிற்கிறவர்களைப் பற்றி அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா கடைசி ஆளையும் ஏற்றி, ஒரு சுவரிலும் இடிக்காமல், கரைக்குக் கொண்டுவந்தார். திரை மெல்ல இருண்டது. கேமைச் செய்தவர்களின் பெயர் வந்தது, இரண்டே பெயர். நாற்காலி தப்பித்தது என்றே நம்பினேன்.

நாளைக்கு இதில் என்ன ஆடுவார்கள் என்று கேட்டார் அண்ணன். முடிந்துவிட்டது, வேறு ஒன்று போட வேண்டும் என்றேன். அதற்குள் ஃபுட்பாலுக்கு இடம் போதவில்லை என்று பையன்கள் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். கேட்டவர்களில் தினேஷும் ஒருவன். அண்ணன் என் தோளில் கை வைத்துவிட்டு, ஆறாவது டிவியில் தானே ஃபுட்பாலைப் போட்டார். "நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. ஆனா முடிஞ்சுபோச்சே."

அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு படிக்கட்டில் திரும்பி நின்றார். "அடுத்த வாரம் எந்த ஊரு தம்பி முழுகுது?" இனிமேல் எந்த ஊரும் இல்லைக்கா என்றேன். உள்ளே யாரோ கோல் போட்ட கூச்சலில் என் குரல் அவருக்கு எட்டவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு, மகளோடு கீழே இறங்கிப் போனார்.

ஆறாவது நாற்காலி இப்போது காலியாக இருப்பதே இல்லை, அதில் உட்கார்ந்து யாரும் எதையும் முடிப்பதும் இல்லை.