ஊசி பொய் சொல்கிறது என்றவர்

கேப்டன் மணி காலமான செய்தி எங்கள் பழைய விமானக் குழுவின் வாட்ஸப்பில்தான் வந்தது. அப்போது நான் கலூரில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். செய்தியை முழுதும் படிப்பதற்குள் அதன் அடியில் கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்தன. முதல் ஜோடிக் கைகள், அவரை விமானத்திலிருந்து இறக்கி அலுவலக மேஜை முன் உட்காரவைத்த மேலாளருடையவை. "பாதுகாப்பையே மூச்சாகக் கொண்ட மாமனிதர்" என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. வந்து நின்ற பஸ்ஸையும் விட்டுவிட்டேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முழுப்பெயர் சுப்பிரமணியன். பாலக்காட்டிலிருந்து வந்து மட்டாஞ்சேரியில் தலைமுறைகளாகச் சுக்கும் மிளகும் விற்ற தமிழ்க் குடும்பம். ஜூ டவுனை ஒட்டிய தெருவில் கீழே கிடங்கு, மேலே வீடு. அவருடைய வெள்ளைச் சட்டையில்கூடச் சுக்கு மணக்கும். நான் அவருடைய விமானத்தில் பணிப்பெண்களுக்குத் தலைவியாகப் பல வருடம் பறந்தவள். "கேப்டன் வரார், கஷாயம் வருது" என்று நாங்கள் கேலி செய்வோம். "ஜலதோஷம்னா என் பக்கத்துல வந்து நில்லுங்கோ ஜெயந்தி, மருந்துச் செலவு மிச்சம்" என்று சிரிக்காமல் பதில் சொல்வார்.

நாங்கள் அடிக்கடி போய்வந்த ஊர்களில் ஒன்று மலையடிவாரத்தில் இருந்தது. பெயர் வேண்டாம். சிறிய விமான நிலையம். ஓடுபாதைக்கு அருகே ஒரு வானொலி வழிகாட்டி நிலையம் உண்டு. அது அனுப்பும் அலையைப் பிடித்து விமானி அறையில் ஓர் ஊசி திரும்பும். மேகத்துக்குள் கண் தெரியாதபோது, அந்த ஊசி காட்டும் திசையில்தான் எங்கள் சிறிய விமானம் இறங்கியாக வேண்டும். அந்த நிலையத்துக்கு வயதாகிவிட்டது. நல்ல மழையில் ஊசி ஓடுபாதையை விட்டு மெல்ல மலைப் பக்கம் சாயும். சாய்வதற்கு முன் மணி அடிக்காது, விளக்கும் எரியாது.

இது எல்லா விமானிகளுக்கும் தெரியும். சாயா குடிக்கும்போது ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். "அந்த ஊர் ஊசிக்குக் கொஞ்சம் கிறுக்கு, பார்த்துப் போ" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எழுதிக் கொடுத்தால் விசாரணை வரும், விசாரணை வந்தால் பறப்பது நிற்கும் என்பதால் யாரும் எழுதமாட்டார்கள். கேப்டன் ஒருவர்தான் ஒவ்வொரு முறையும் எழுதினார்.

"சோதித்தோம், சரியாக இருக்கிறது" என்று ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. சோதித்ததெல்லாம் வெயில் நாட்களில். "வெயில்ல பிரிச்சுப் பாத்தா எந்தக் குடையாக்கும் ஒழுகும்?" என்று மேலாளரிடம் அவர் கேட்டபோது நான் அருகில்தான் இருந்தேன். மேலாளர் சிரித்துக்கொண்டே, "சாரமில்ல, விடுங்க கேப்டன். ஒண்ணும் இல்லாததுக்கு அதாவது இருக்கட்டுமே" என்றார். கேப்டன் சிரிக்கவில்லை. "இல்லைன்னு தெரிஞ்சா வேற வழி பாத்துப்போம். இருந்துண்டு பொய் சொன்னா நேரா மலையிலதான் போய் முட்டுவோம். சரி பண்ற வரைக்கும் அதை அணைச்சு வைக்கச் சொல்லுங்கோ, அது போதும்." அவர் கேட்டது அவ்வளவுதான். புது இயந்திரம்கூடக் கேட்கவில்லை.

பிறகு அந்த மழைக்கால மாலை வந்தது. விமானத்தில் ஒரு கல்யாண கோஷ்டி. மல்லிகையும் பலகாரமுமாக விமானமே மண்டபமாக இருந்தது. மேகத்துக்குள் இறங்கத் தொடங்கிய கேப்டன், ஊசி சாயவே பாதியிலேயே விமானத்தின் மூக்கை நிமிர்த்தி மேலே ஏறினார். ஒரு சுற்று வந்து மறுபடி முயன்றார். ஊசி மறுபடியும் சாய்ந்தது. வேறு ஊருக்குப் போகிறோம் என்று அவர் அறிவித்ததும் மண்டபம் சந்தையானது. பெண்ணின் மாமா ஒருவர் என்னிடம், "பயந்தாங்கொள்ளிக்கெல்லாம் யாருங்க பிளேன் ஓட்டக் குடுத்தது?" என்று கத்தினார். தரையிறங்கியதும் கேப்டன் வாசலில் வந்து நின்று, இறங்கிய ஒவ்வொருவரிடமும் "க்ஷமிக்கணும்" என்றார். பலர் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. சிலர் படம் பிடித்தார்கள்.

அதே மாலையில் வேறொரு விமானம் அங்கே இறங்கிவிட்டது. அதுதான் அவருக்கு வினையாயிற்று. "அவர் இறங்கினார், உங்களால் ஏன் முடியவில்லை?" என்று விசாரணையில் கேட்டார்கள். ஒருவருடைய அதிர்ஷ்டம் இன்னொருவர் மீது குற்றமானது. சாயாக்கடையில் ஊசியைக் கிறுக்கு என்று சொன்னவர்களையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். அப்படி எதையும் கவனித்ததில்லை என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். பணிப்பெண்களை யாரும் கூப்பிடவில்லை. ஊசியைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும் என்று நினைத்திருப்பார்கள்.

அதன்பிறகு அவர் விமானியாகப் பறக்கவே இல்லை. அலுவலகத்தில் ஒரு மேஜை கொடுத்தார்கள், அதிலிருந்தே ஓய்வும் பெற்றார். மட்டாஞ்சேரிக்கு நான் போகும்போதெல்லாம் மாடி ஜன்னலருகே உட்கார்ந்திருப்பார். தலைக்கு மேல் விமானச் சத்தம் கேட்டாலும் நிமிர்ந்து பார்க்கமாட்டார். எனக்கு அது பொறுக்காது. "உங்களுக்குக் கோபமே வராதா கேப்டன்?" என்று ஒருமுறை கேட்டேன். "வராம என்ன? கோபத்தை யார் கையில கொண்டுபோய்க் குடுக்கறது, சொல்லுங்கோ" என்றார்.

போன மழைக்காலத்தில் இன்னொரு விமானம் அங்கே மலையை உரசாத குறையாகத் தப்பியது. சில நாட்களில் அந்த நிலையத்தைச் சத்தமில்லாமல் அணைத்தார்கள். பராமரிப்பு என்று காரணம் சொன்னார்கள். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் தொலைபேசியில் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "அந்த பிளேன்ல இருந்தவா எல்லாரும் நன்னா இறங்கினாளா?" என்றுதான் கேட்டார். இறங்கிவிட்டார்கள் என்றேன். "அப்போ சரி" என்று வைத்துவிட்டார். இதயம் ஏற்கெனவே பலவீனமாக இருந்தது. அடுத்த மழைக்கு அவர் இல்லை.

இறுதிச் சடங்குக்கு நிறையப் பேர் வந்திருந்தார்கள். சுற்றுலாக்காரர்கள் அடைத்த தெருவில் கார்கள் நுழைய முடியாமல், விமானிகள் மலர்வளையத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்து வந்தார்கள். மேலாளரும் வந்தார். கேப்டனின் மனைவி விசாலம் மாமியின் முன்னால் நின்று, "மாமி, சார் சொன்னதுதான் சரின்னு எங்க எல்லாருக்கும் அப்பவே தெரியும்" என்றார். சுற்றி நின்ற விமானிகள் தலையாட்டினார்கள்.

மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். குரல் உயரவில்லை. "அதை எழுதித் தருவேளா?" என்று கேட்டார்.

மேலாளர் அலுவலக நடைமுறை பற்றி ஏதோ முணுமுணுத்தார். தலையாட்டியவர்கள் செருப்பைத் தேடத் தொடங்கினார்கள். கேப்டனைக் கீழே இறக்கி வண்டியில் ஏற்றும்போது, தோள் கொடுத்தவர்களில் பாதிப்பேர் கிடங்கில் சுமை தூக்கும் தொழிலாளர்கள்.

கேப்டன், உங்கள் விமானிகள் யாரும் எழுதித் தரவில்லை. என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். அன்று மாலை நான் அந்த விமானத்தில் இருந்தேன். ஊசி பொய் சொன்னது, நீங்கள் சொன்னது உண்மை. உங்களைப் பயந்தாங்கொள்ளி என்று திட்டிய அந்த மாமா உட்பட எல்லாரும் உயிரோடு வீடு போய்ச் சேர்ந்தோம். போய் வாருங்கள்.