பாட்டில் ஏறும் பெயர்கள்

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு கல்யாண வீட்டு மாடி. எனக்குப் பிடித்த பாடகர் ஆர்மோனியத்துடன் பாயில் உட்கார்ந்து, தானே எழுதிய பிரிவுப் பாட்டைப் பாடுகிறார். இதற்காகவே கோயம்புத்தூரிலிருந்து ரயிலேறி வந்திருக்கிறேன். விருந்தினர்கள் தங்கள் பெயரைச் சீட்டில் எழுதி நீட்ட நீட்ட, அவர் அதையும் பாட்டில் சேர்த்துப் பாடுகிறார். கண்ணீரோடு காத்திருக்கும் காதலியைத் தேற்ற இப்போது மிளகுக் கிடங்கு முதலாளியும் மாப்பிள்ளையின் மாமாவும் வந்துவிட்டார்கள்.

“இதென்ன கூத்து?” என்று பக்கத்தில் இருக்கும் பாலக்காட்டுத் தமிழரிடம் கேட்கிறேன்.

“இதாக்கும் இங்கத்த மரியாதை, சார். பாட்டுல பேர் வரலேன்னா, கல்யாணத்துக்கு வந்ததா யாரும் சொல்லமாட்டா.”

கலையை இப்படியா கெடுப்பது என்று பொருமிக்கொண்டே நானும் ஒரு சீட்டை முன்னால் அனுப்புகிறேன். பாட்டு முடிகிறது. என் பெயர் வரவில்லை.

இந்த ஆளுக்குக் குரல் போய்விட்டது.