சூரியனின் பிறந்தநாள்

பத்து வயதில் நான் பெரிய அதிகப்பிரசங்கி. பள்ளி விடுமுறைக்கு இரவல் வாங்கி வந்த, அட்டை கிழிந்த உலக வரலாற்றுப் புத்தகம்தான் காரணம். அதில் ரோமாபுரிக்காரர்களின் சூரியன் தலையில் கதிர்முடியோடு நாலு குதிரைத் தேரில் நின்றான். 'வெல்ல முடியாத சூரியன்' என்று பெயர். டிசம்பர் இருபத்தைந்து அவன் பிறந்தநாள் என்று போட்டிருந்தது. நம் சூரியனுக்கு ஏழு குதிரையாக்கும் என்று எங்கள் தோட்டத்து லய வீடுகளின் பிள்ளைகளிடம் பீற்றிக்கொண்டேன்.

அந்த டிசம்பரில்தான் தம்பி பிறந்தான். மூன்றாம் நாள், இருபத்து நாலாம் தேதி, வீட்டுக்கு வந்த தாதி அவன் கண்ணைப் பார்த்தார். "மஞ்சக்காமாலை ஏறிக்கிட்டே போவுது. இன்னிக்கே தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க," என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பிரசவத்துக்குத் துணையாக வந்திருந்த அத்தை அதை லட்சியம் செய்யவில்லை. எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதான், காலை வெயில் காட்டினால் இறங்கிவிடும் என்றார். அவர் பிள்ளைகளை வளர்த்தது மலைக்குக் கீழே, தாப்பாவில். அங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை. எங்கள் தேயிலை மலையிலோ ஒரு வாரமாகப் பனிமூட்டம், எதிர் லயமே தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகத் தோட்டத்து லோரியைக் கேட்டு வர அப்பா ஜாக்கெட்டை மாட்டினார். நான் புத்தகத்தோடு குறுக்கே ஓடினேன்.

"அப்பா, நாளைக்கு சூரியனுக்குப் பொறந்த நாளு. கண்டிப்பா வரும்பா. புக்குலயே போட்டிருக்கு!"

"தூக்கிட்டுப் போங்களேன்," என்று பிள்ளை பெற்ற தீட்டோடு உள்ளே கிடந்த அம்மா இரண்டு முறை சொன்னாள்.

அப்பாவுக்கு அச்சடித்த எழுத்தின் மேல் அபார மரியாதை. "ஒரு நாளுதானே லா, பார்ப்போம்," என்று ஜாக்கெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

மறுநாள் சூரியன் வந்தே விட்டது. பத்து மணிக்கு மூட்டம் விலகி மலை முழுக்கப் பளபளத்தது. அப்பா தம்பியை வாசலில் வெயிலில் கிடத்திக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. தம்பி பால் குடிக்காமல் துவண்டு கிடந்தான். வெயில் சுகத்தில் தூங்குகிறான் என்றார் அத்தை.

மதியம் கீச்சென்று ஓர் அழுகை. தம்பியின் உடம்பு வில்லாகப் பின்னால் வளைந்தது. அப்பா ஜாக்கெட் இல்லாமலே அவனைத் தூக்கிக்கொண்டு லோரிக்கு ஓடினார்.

பொங்கலுக்கு முதல் நாள் தம்பி மஞ்சள் இறங்கி வீடு திரும்பினான். மறுநாள் பானை பொங்கியபோது லயமே கூவியது, தட்டுகளை அடித்தது, பட்டாசு காதைப் பிளந்தது. அத்தை மடியில் கிடந்த தம்பி இமைகூட அசைக்கவில்லை.

"பாரேன், எம்மாஞ் சத்தம்! மிரள்றானா பாரு!" என்று அத்தை பூரித்தார்.

அம்மா மட்டும் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஏன் சந்தோஷம் இல்லை என்று எனக்குக் கோபம்கூட வந்தது. வெல்ல முடியாத சூரியனின் வெயில் பட்டவன், என் தம்பி எதற்கும் பயப்பட மாட்டான் என்று வீடு வீடாகச் சொல்லித் திரிந்தேன். அவன் காதில் ஒரு சத்தமும் விழவில்லை என்பதும், நான் கேட்டு வாங்கிய அந்த ஒரு நாளில் மூளை வரை ஏறிய மஞ்சள்தான் அதற்குக் காரணம் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.