சிலிண்டரில் எழுதிய தேதி

வாடகைக்குப் பதினோரு வீடுகள் பார்த்தேன். தண்ணீர் வரும் நேரம், லிஃப்ட், காலை வெளிச்சம் என்று முதல் பத்து வீடுகளுக்கும் டைரியில் குறிப்புகள் உண்டு. உக்கடம் குளத்துக்கு அருகே, மூன்றாம் மாடியில் பார்த்த பதினோராவது வீட்டுக்கு மட்டும் ஒரே வரி: "கேட்டிலிருந்து மெஸ் நாற்பத்திரண்டு எட்டு நடை." அதைத்தான் பிடித்தேன்.

கோவைக்கு மாற்றலாகி வந்திருந்தேன். மனைவி ஈரோட்டிலேயே இருந்தாள். மகள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டதால் மனைவியை அங்கே பிடித்துவைக்க இனி ஒன்றுமில்லை என்பது என் கணக்கு. எப்போது வருகிறாய் என்று கேட்டால், "ரோசன பண்ணிச் சொல்றனுங்க" என்பாள். அந்த யோசனை நான்கு மாதமாக நடந்துகொண்டிருந்தது.

முதல் வாரமே ஒரு பொய் சொல்லியிருந்தேன். சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்று போனில் கேட்டவளிடம், நானே சமைத்துக்கொள்கிறேன் என்றேன். மூன்று வேளையும் கடையில் சாப்பிடுகிறேன் என்று தெரிந்தால் எங்கள் சொந்தத்தில் முதலில் அவளைத்தான் கேள்வி கேட்பார்கள். மெஸ் இருக்கும்போது நான் எதற்கு என்று அவளே நினைத்துவிடுவாள் என்ற பயமும் இருந்தது.

மெஸ்ஸில் எட்டு மேசைகள். நடத்துவது ஒரு கணவன் மனைவி. கணவர் அடுப்படியில் நிற்பார், அந்த அம்மா பரிமாறுவார். புதன்கிழமை மதியம் அரிசிம்பருப்பு சாதம், மேலே ஒரு கரண்டி நெய். இரவுச் சாப்பாடு ஏழு மணிக்குத்தான். ஆறரைக்கே நான் சட்டை மாற்றிவிடுவேன். பால்கனிக்கும் வாசல் கதவுக்கும் நடப்பேன். அதுவும் போதாமல் குளக்கரைக்குப் போய்த் திரும்புவேன். வீட்டில் உட்கார முடிந்ததே இல்லை.

ஒருநாள் இரண்டு நிமிடம் தாமதமாகிவிட்டது. "ஏனுங்ணா, ஒடம்புக்கு ஏதாச்சுங்களா? உங்களப் பாத்துத்தான் நாங்க கடியாரத்தத் திருப்பறமுங்க" என்றார் அந்த அம்மா. இலையைப் போட்டுவிட்டு வழக்கமான கேள்வியையும் கேட்டார். "அக்கா எப்பங்க வாராங்க?"

"வருவாங்க" என்றேன். எதிர் நாற்காலியில் அன்று யாரோ ஒரு மருந்துக் கம்பெனி ஆள் உட்கார்ந்திருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை மனைவியிடமிருந்து போன் வந்தது. மறுநாள் வீட்டைப் பார்க்க வருகிறாளாம். அன்று மாலையே தக்காளியும் வெங்காயமும் வாங்கி வைத்தேன். புது வாணலியைக் கழுவிக் கவிழ்த்தேன். எண்ணெய் பாட்டிலில் கால்வாசியை வேறொரு பாட்டிலுக்கு மாற்றி ஒளித்தேன்.

வந்தவள் குழாயைத் திறந்து பார்த்தாள், பால்கனியில் நின்று பார்த்தாள். பிறகு சமையலறைக்குள் போய்க் குனிந்து, சிலிண்டரை ஒரு கையால் அசைத்தாள். புது சிலிண்டர் மாட்டினால் அதன் மேல் சாக்பீஸால் தேதி எழுதுவது எங்கள் வீட்டு வழக்கம். குடிவந்த அன்றே நானும் எழுதியிருந்தேன்.

"ஏனுங்க, நாலு மாசமா சமைக்கறீங்க. சிலிண்டரு வந்தாப்புலயே கனமா இருக்குது?"

"சிக்கனமாத்தான்..."

"சிக்கனம்னா எப்பிடிங்க? பச்சையாவே தின்னீங்களா?"

எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பத்திரண்டு எட்டையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. மேடையில் சாய்ந்து நின்றபடி, "அப்ப நா எதுக்குங்க வரோணும்?" என்றாள்.

ஹாலுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். "சமைக்கறதுக்கு இல்ல" என்றேன்.

"பொறவு?"

"எதுத்தாப்புல உக்காரறதுக்கு. அங்க தினமும் யாராச்சும் உக்காந்துக்கறாங்க."

அவள் மேடையை விட்டு விலகி நிமிர்ந்தாள். பிறகு, "பசிக்குது. கூட்டிட்டுப் போங்க" என்றாள். தெருவில் அவள் உதடு அசைவது தெரிந்தது. மெஸ் வாசலில் நின்று, "அம்பத்தஞ்சு" என்றாள். "உங்க எட்டு பெருசு."

"வாங்கக்கா" என்று அந்த அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். என் இலையில் சாதம் குறைந்ததும் மனைவியின் கை தானாக நீண்டு, மேசை மேல் இருந்த சாதக் கரண்டியை எடுத்தது. "அட, நீங்க சாப்புடுங்கக்கா. அதுக்குத்தான் நா இருக்கறனே" என்று அந்த அம்மா கரண்டியை வாங்கிக்கொண்டார். மனைவி கையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சாப்பிட்டாள். ரசம் இரண்டு முறை கேட்டு வாங்கினாள்.

வருகிறேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லாமல் மாலை ரயிலில் திரும்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை நான் குளக்கரையில் நான்கு சுற்று நடந்தேன். போனைச் சட்டைப் பையில் வைத்தேன், பிறகு கையிலேயே வைத்துக்கொண்டேன். ஐந்தே முக்காலுக்கு அழைத்தாள்.

"அந்த மெஸ்ஸு என்னைக்குங்க லீவு?"

"செவ்வாக்கெழம."

"நா வந்தா, அன்னைக்கு நீங்கதான் சமைக்கோணும். முடியுமான்னு பாத்துச் சொல்லுங்க."

இதுவரை செவ்வாய்க்கிழமைகளில் ரொட்டியும் வாழைப்பழமும்தான். இந்தச் செவ்வாய் முதல் முறையாக அடுப்பைப் பற்றவைத்தேன். பருப்பும் அரிசியும் சேர்த்துக் குக்கரில் நான்கு விசில் விட்டேன். அடிப்பிடித்துவிட்டது. மேலாக இருந்ததை வழித்துச் சாப்பிட்டேன். பிறகு சிலிண்டரில் இருந்த பழைய தேதியை ஈரத்துணியால் துடைத்துவிட்டு அன்றைய தேதியை எழுதினேன்.

அடிப்பிடித்ததைப் போனில் அவளிடம் சொன்னேன். "தண்ணி பத்தலீங்க. அடுத்த வாரம் இன்னொரு டம்ளர் சேத்தி ஊத்துங்க" என்றாள். எந்த ரயிலில் வருகிறாள் என்று இன்னும் சொல்லவில்லை. ஈரோட்டிலிருந்து வரும் ரயில்களின் நேரங்களை எல்லாம் எடுத்து டைரியில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன்.